1098ஐ அழைத்த பிறகு என்ன நடக்கும்?

ஈரோட்டிலிருந்து கோவை போகிற பஸ் ஒன்று இரவு பத்து மணிக்கு மேல் கருமத்தம்பட்டி நால்ரோட்டில் நிற்கிறது. ஒரு பையன் இறங்குகிறான். பதினாலு, பதினஞ்சு வயதிருக்கும். முதுகில் ஸ்கூல் பை. அதில் புத்தகத்துக்குப் பதில் இரண்டு சட்டைகள். சோமனூர்ப் பக்கமும் போகவில்லை, அன்னூர்ப் பக்கமும் போகவில்லை. பேக்கரி வாசலில் அரை மணி நேரமாக நிற்கிறான். கடைக்காரர் கேட்கிறார்: "ஏங்கண்ணு, எந்தூரு? ஆரு வூட்டுக்கு வந்தே?" பதில் இல்லை.

பையன் கற்பனைதான். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் கடை வைத்திருப்பவர்கள், நைட் சர்வீஸ் ஓட்டும் டிரைவர் கண்டக்டர்கள், ஆட்டோ ஸ்டாண்டில் படுத்திருப்பவர்கள் இப்படி ஒரு முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில், செல்போனுக்காக அப்பாவிடம் அடி வாங்கிய மறுநாளில், குடித்துவிட்டு வரும் ஆளுக்குப் பயந்து, யாரோ வேலை வாங்கித் தருகிறேன் என்று சொன்னதை நம்பி, காரணம் எதுவானாலும் பிள்ளை ஒரு பஸ் ஏறிவிடுகிறது. அப்போது அந்தக் கடைக்காரர் செய்யக்கூடிய மிகச் சரியான காரியம், 1098 என்று நான்கு எண்களை அழுத்துவது. கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

எண் பலருக்குத் தெரியும். அழைத்தால் பிறகு என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. "போலீஸ் வந்து என்னை ஸ்டேஷனுக்கு அலைய விடுமா?", "பையனை அனாதை ஆசிரமத்தில் போட்டுவிடுவார்களா?", "நமக்கெதுக்கு வம்பு?" என்ற மூன்று கேள்விகளில் போன் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

முதலில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் பாடம் நடத்திய ஜெரூ பில்லிமோரியா, ரயில்வே பிளாட்பாரங்களிலும் இரவுத் தங்குமிடங்களிலும் இருந்த பிள்ளைகளோடு பழகி, அவசரம் என்றால் கூப்பிடுங்கள் என்று தன் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தார். அவர்கள் நடுராத்திரியில் கூப்பிட்டார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனை யாரோ அடித்துவிட்டார்கள். ஒரு ஆள் தாங்கக்கூடிய வேலையாக அது இல்லை. 1996 ஜூனில் அந்த நிறுவனத்தின் கள முயற்சியாகச் சைல்டுலைன் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மறக்காதபடி, பத்து, ஒன்பது, எட்டு என்று கீழிறங்கும் எண். தெருவில் வாழ்ந்த பிள்ளைகளின் யோசனையும் சேர்ந்தே இந்தச் சேவை உருவானது. 1999இல் மத்திய அரசின் துணையோடு சைல்டுலைன் இந்தியா ஃபவுண்டேஷன் அமைந்தது. பிறகு ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்கள் அதன் கைகளாக வேலை செய்தன. அழைப்பு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அப்போதைய இலக்கு.

2023இல் ஏற்பாடு மாறியது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் 1098ஐ நடத்தும் பொறுப்பு மாநில அரசுகளுக்கு வந்தது. அழைப்பு இப்போது மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கிருந்து அந்தந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கீழ் இயங்கும் உதவிக்குழுவுக்குத் தகவல் போகும். 112 என்ற பொது அவசர எண்ணோடும் 1098 இணைக்கப்பட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ் வண்டியும் கிளம்பும்.

இந்த மாற்றத்தைப் பற்றி அப்போதே சர்ச்சை இருந்தது. வீட்டை விட்டு வந்த பிள்ளை போலீஸைக் கண்டால் ஒளிந்துகொள்ளும், தொண்டு நிறுவனத்து அக்காவிடம் பேசுகிற மாதிரி காக்கியிடம் பேசாது என்று குழந்தைகளோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு நெடுஞ்சாலையில் நிற்கிற பிள்ளையிடம் சீக்கிரம் போய்ச் சேரக்கூடியது ரோந்து வண்டிதான் என்பதும் உண்மை. வண்டி யாருடையது என்பதைவிட, இறங்குகிறவர் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகளும் இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் பேசும்போது கூடுமானவரை சீருடை வேண்டாம், சாதாரண உடை போதும். பெண் பிள்ளை என்றால் பெண் காவலர் இருக்க வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது.

இனி நால்ரோட்டுக் கடைக்காரர் அழைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேட்கப்படுவது இடம். இங்கே நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கருமத்தம்பட்டி கோவை மாவட்டம், சூலூர் தாலுகா. அவிநாசிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால் வரும் தெக்கலூர் திருப்பூர் மாவட்டம். 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானதிலிருந்து இந்த எல்லை இருக்கிறது. சாலையில் போகிறவருக்கு அது கண்ணில் படாது. ஆனால் தகவல் எந்த மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஆகவே "அவிநாசி ரோட்டுல ஒரு பையன்" என்று சொன்னால் போதாது. ஊர், பஸ் ஸ்டாப், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பெட்ரோல் பங்க் என்று சொல்லுங்கள். பிறகு பிள்ளையின் ஏறக்குறைய வயது, உடுத்தியிருக்கும் உடை, பேசும் மொழி, காயம் உண்டா, கூட யாராவது பெரியவர்கள் நிற்கிறார்களா என்பதையும் சொல்லலாம். உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஆள் வரும்வரை செய்ய வேண்டியது சுலபம். டீயும் பன்னும் கொடுத்து வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம். நல்ல மனசோடு செய்தாலும் நாளைக்கு அது உங்களுக்கே விளக்கம் சொல்ல வேண்டிய விஷயமாகிவிடும். "ஏன் ஓடி வந்தே?" என்று கோர்ட்டுப் போல விசாரிக்கவும் வேண்டாம். அந்தக் கதையைப் பிள்ளை இன்னும் நாலு பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். "இந்தச் சிறுவன் கருமத்தம்பட்டியில் நிற்கிறான், தெரிந்தவர்கள் பெற்றோருக்குத் தெரிவிக்கவும், அதிகம் பகிரவும்" என்று வரும் செய்திகள் எல்லோர் போனிலும் இருக்கின்றன. அனுப்புகிறவர் புண்ணியம் என்று நினைத்துத்தான் அனுப்புகிறார். அந்தப் பிள்ளை யாரிடமிருந்து தப்பி வந்ததோ அவர் கைக்கும் அதே படம் போகும் என்பதை யோசிப்பதில்லை. பிள்ளை வீடு திரும்பி இரண்டு வருஷம் ஆன பிறகும் அந்தப் படம் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு வரைக்கும் துரத்தும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் ஊடகங்களில் வெளியாவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதே சட்டம் இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. பலருக்கு இது தெரியாது. குடும்பத் துணையில்லாமல் தனியாக இருக்கும் குழந்தையைக் கண்டு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் 24 மணி நேரத்துக்குள் சைல்டுலைனுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவித்தாக வேண்டும். சொல்லாமல் விடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். நமக்கெதுக்கு வம்பு என்று சொல்லாமல் விடுவதுதான் சட்டப்படி வம்பு.

நம் பகுதியில் ஒதுங்குகிறவரைவிடச் சேர்த்துக்கொள்கிறவரால் வரும் கேடு அதிகம் என்பது என் அபிப்பிராயம். சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரம் முழுக்க விசைத்தறி. திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஒரு பக்கம், ஸ்பின்னிங் மில்கள் ஒரு பக்கம். கைக்கு ஆள் போதாத தொழில்கள். வேலை தேடி வந்தவன் என்று யாரையும் எளிதாக நம்பும் ஊர் இது. தறிக்குடோனில் தார் சுற்ற ஒரு பையன் கிடைத்தால் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்து வைத்துக்கொள்வதை உபகாரம் என்றே நினைக்கிறார்கள். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்களில் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து இறங்குகிற கூட்டத்தில் சின்னப் பையன் யார், பெரியவன் யார் என்று பார்ப்பதற்கு முன்பே புரோக்கர் பார்த்துவிடுகிறான். 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை, பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற விலக்குகளைத் தவிர, எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளை மேல் இரக்கம் இருந்தால் சோறு போடலாம். தார்க்கட்டையைக் கையில் கொடுப்பதற்குப் பெயர் இரக்கம் அல்ல.

ரயிலில் வருகிற பிள்ளைகளுக்குத் தனி வலை ஒன்று உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படை 2018இல் மட்டும் நாடு முழுக்க 17,112 குழந்தைகளை மீட்டது. அவர்களில் 13,187 பேர் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். கடத்தல்காரன் தூக்கிப்போன பிள்ளைகள் அந்தக் கணக்கில் மிகக் குறைவு. பிள்ளை காணாமல் போனால் நாம் முதலில் நினைப்பது வெள்ளை வேனும் மயக்க பிஸ்கட்டும்தான். பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் காலால்தான் வெளியேறுகிறார்கள். ஓடும் ரயிலில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் 139க்குச் சொல்லலாம்.

உதவிக்குழு பிள்ளையை அழைத்துக்கொண்ட பிறகு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இது கோர்ட் அல்ல. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர். உறுப்பினர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆனால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும் என்பது சட்டம். கூடாத நாளில் ஏதாவது ஒரு உறுப்பினர் முன் நிறுத்தினாலும் போதும்.

குழு என்ன செய்யும்? பிள்ளை சொல்வதைக் கேட்கும். முடிவு எடுக்கும்வரை தங்க இல்லம் ஒன்றுக்கு அனுப்பும். சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுச் சூழலை விசாரித்துப் பதினைந்து நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். வேறு மாநிலத்துப் பிள்ளை என்றால் அந்த ஊர்க் குழுவோடு பேசி, துணைக்கு ஆள் போட்டு அனுப்பிவைப்பார்கள். பெரும்பாலும் முடிவு ஒன்றுதான்: அப்பா அம்மா வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போவார்கள். அனாதை ஆசிரமத்தில் போட்டுவிடுவார்களோ என்ற பயத்துக்கு இடமில்லை. இல்லம் என்பது வேறு வழி இல்லாதபோது கடைசியாக எடுக்கும் முடிவு. வறுமைதான் காரணம் என்றால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கத் தகுதியான குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் மிஷன் வாத்சல்யாவில் உண்டு. வீட்டில்தான் ஆபத்து, அடிக்கிறவரும் சீண்டுகிறவரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அனுப்பாமல் இருக்கக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. அதிகாரம் இருப்பது வேறு, விசாரிக்கப் போதுமான ஆள் இருப்பது வேறு. ஒரு சமூகப் பணியாளர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் வெளியே வருகிற உண்மை, பத்து நிமிஷத்தில் வராது. "இனிமே அடிக்க மாட்டேனுங்க" என்று எழுதிக் கொடுத்த அப்பாவோடு போன பிள்ளை மறுபடி பஸ் ஏறுவது இதனால்தான்.

பிள்ளையே தானாக 1098க்கு அழைத்தால்? அழைக்கலாம், அதற்காகத்தான் இந்த எண். போன் எடுத்த பிறகு பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாலும், வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாலும் கோபிக்க மாட்டார்கள். பேசத் தைரியம் வருவதற்குச் சில பிள்ளைகளுக்கு நாலைந்து அழைப்பு ஆகும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைப் பிள்ளையிடம் ஒளிக்கக் கூடாது. நேரில் வந்து அழைத்துக்கொண்டால் குழந்தைகள் நலக் குழுவிடம் போயாக வேண்டும், பெற்றோருக்குச் சொல்லாமல் மறைத்தே வைத்திருப்போம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலை வேறு மாதிரி அணுகினார்கள். 1971இல் சிகாகோவில் தொடங்கிய ஒரு தொலைபேசி சேவை, 1974இல் மத்திய அரசின் உதவியோடு நாடு முழுவதற்கும் ஆனது. அதே வருடம்தான் ஓடிப்போன பிள்ளைகளுக்கான சட்டமும் அங்கே வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஹூஸ்டனில், ஓடிப்போன பையன்கள்தானே என்று போலீஸ் அலட்சியமாக விட்ட சிறுவர்கள் பலர் கொலையாகியிருந்தது தெரியவந்து நாடே அதிர்ந்திருந்தது. அந்தச் சேவையில் ஒரு பிள்ளை தான் இருக்கும் இடத்தைச் சொல்லாமலே, "உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று செய்தி விடலாம். பேசி முடித்து வீட்டுக்குப் போகச் சம்மதித்தால் பஸ் டிக்கெட்டும் இலவசமாகக் கிடைக்கும் ஏற்பாடு இருக்கிறது. நம் ஊரில் இப்படி ஒரு செய்தி வந்தாலே எத்தனையோ அம்மாக்களின் அடிவயிற்று நெருப்பு அணையும்.

பெற்றோர் பக்கமும் பார்க்க வேண்டும். பிள்ளையைக் காணோம் என்றால் கொங்குப் பக்கத்தில் முதல் இரண்டு நாள் பங்காளி வீடு, மாமன் வீடு என்று சத்தமில்லாமல் தேடுவார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் மானம் போய்விடும் என்ற நினைப்பு. அந்த இரண்டு நாளில் பிள்ளை பெங்களூரோ மும்பையோ போய்ச் சேர்ந்திருக்கும். 24 மணி நேரம் காத்திருந்துதான் புகார் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தில் எங்கும் இல்லை. காணாமல் போன குழந்தை என்று புகார் வந்தால், கடத்தப்பட்டிருக்கலாம் என்ற அனுமானத்தில் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டிருக்கிறது. ஸ்டேஷனில் "ஃபிரண்டு வீட்டுல பாருங்க" என்று திருப்பி அனுப்பினால் இந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள்.

இதுவரை சொன்ன எல்லாமே 18 வயதுக்குள். 18 முடிந்த மறுநாள் இந்தக் கதவு மூடிக்கொள்கிறது. இல்லத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் 21 வயது வரை பின்தொடர் ஆதரவு உண்டு. வீட்டை விட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் படுக்கும் 19 வயதுப் பையனுக்கு என்று தனி எண் எதுவும் கிடையாது. 112 இருக்கிறது. மாநகராட்சியின் வீடற்றோர் தங்கும் இல்லம் இருக்கிறது. மனசு உடைந்திருந்தால் 14416இல் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள். பெண்ணாக இருந்தால் 181. அமெரிக்கச் சேவை 21 வயது வரை எடுத்துக்கொள்கிறது. நாமும் அதைச் செய்யலாம். பதினெட்டுப் பிறந்தநாளில் யாருக்கும் வாடகை கொடுக்க வழி பிறந்துவிடுவதில்லை.

கொங்கு நாட்டில் 18 தாண்டியவர்கள் ஓடுவதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். சாதி மாறிக் காதலித்தவர்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் அருகே பட்டப்பகலில், சாதி மாறி மணந்த சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த மாதம் வேறொரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களின் புகாரைப் பெற ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உத்தரவிட்டது. பாலினம், பாலீர்ப்பு காரணமாக வீட்டை விட்டு வந்தவர்கள் விஷயத்தில் 2021 ஜூனில் அதே நீதிமன்றம் இன்னொரு உத்தரவு போட்டது. காணாமல் போனதாகப் புகார் வந்து, விசாரித்ததில் அவர்கள் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு சேர்ந்து இருக்கிறார்கள் என்று தெரிந்தால், போலீஸ் தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். 1098 போல ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஒரு எண் இவர்களுக்கு இல்லாததுதான் குறை. ஆபத்து என்றால் 112ஐ அழைத்து, வயதையும் உயிர் மிரட்டல் இருப்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கருமத்தம்பட்டி நால்ரோட்டிலோ, சோமனூர் ஸ்டேஷன் பக்கத்திலோ, ஜெபமாலை அன்னை கோயில் வீதியிலோ கடை வைத்திருக்கிறவர்கள் கல்லாவுக்கு எதிரே 1098 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தறிக்குடோன் வாசலில் தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். அடுத்த முறை ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.